லெட் செப்பலின் தீர்ந்த பிறகு யாரைக் கேட்பது?

பிரிட்டிஷ் ராக் பேண்ட் லெட் செப்பலினின் எட்டு ஸ்டுடியோ ஆல்பங்களையும் வரிசையாகப் போட்டுக் கேட்டால் ஆறரை மணி நேரம்கூட ஆகாது. 1969 ஜனவரியில் தொடங்கி 1979 ஆகஸ்டில் முடிந்துபோன வரிசை. 1980 செப்டம்பர் 25 அன்று ட்ரம்மர் ஜான் பான்ஹம் இறந்தார். அவர் இல்லாமல் தொடர முடியாது என்று மற்ற மூவரும் அந்த டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். 1982இல் மிச்சம் மீதியைத் திரட்டி ஓர் ஆல்பம் வந்தது, அவ்வளவுதான். இந்த இசையில் ஒருமுறை விழுந்தவர்களுக்கு இது எப்படிப் போதும்? மனப்பாடம் ஆகும்வரை கேட்டுவிட்டு, இதே ருசியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேட ஆரம்பிப்பார்கள்.

தேடினால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. "அடுத்த லெட் செப்பலின்" என்று யாரோ ஒருவருக்குப் பட்டம் கட்டாமல் ஒரு பத்தாண்டும் போனதில்லை. எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பேண்டுக்குத்தான் இடம் என்றால் கலிஃபோர்னியாவின் ரைவல் சன்ஸ். எழுபதுகளின் பதிவே வேண்டும் என்றால் ஹார்ட். எல்லோரும் முதலில் கைகாட்டும் கிரேட்டா வான் ஃப்ளீட் எனக்கு மூன்றாமிடம்தான். ஆனாலும் அவர்களை ஒதுக்கித் தள்ளச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் இந்த வரிசை என்பதை இனிமேல் பார்ப்போம்.

முதலில் எதை வைத்து அளப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் குரலை வைத்து அளக்கிறார்கள். செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளாண்டைப் போல உச்சியில் ஏறிக் கத்த ஒருவர் கிடைத்துவிட்டால் "அப்படியே செப்பலின்" என்று சொல்லிவிடுகிறோம். குரல் காதில் முதலில் விழுவதால் வரும் மயக்கம் இது. உயரமான சாரீரமும் பயிற்சியும் உள்ள பாடகர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கிடைக்கிறார்கள். அரிதாகக் கிடைப்பது அதற்குக் கீழே இருக்கிறது.

"வென் த லெவி பிரேக்ஸ்" பாட்டின் முதல் சில நொடிகளை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ட்ரம்ஸ் மட்டும்தான் இருக்கும். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டடம், பதினெட்டாம் நூற்றாண்டில் ஏழைகளை வைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டியது. அதன் மாடிப்படிக் கூடத்தில் பான்ஹமின் ட்ரம் செட்டைப் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்குகளை மேல்மாடிப் படியிலிருந்து தொங்கவிட்டார். ட்ரம்முக்குப் பக்கத்தில் ஒரு மைக்கூட வைக்கவில்லை. அடி நேராக மைக்கில் விழாமல், உயரமான சுவர்களில் மோதி, கூடத்தைச் சுற்றி, தாமதித்து மேலே வந்து சேர்கிறது. அந்த இடத்தின் அளவே நமக்குக் கேட்கிறது. பான்ஹமும் அவசரப்படுவதில்லை. ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் விடும் வெற்றிடத்தில்தான் மற்ற மூவரும் நுழைகிறார்கள். செப்பலினின் கனம் சத்தத்தால் வந்ததில்லை, இந்த இடைவெளியால் வந்தது. அவர்களைப் பின்பற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேர் கோட்டைவிட்ட இடமும் இதுதான். எல்லா இடத்தையும் கிட்டாரால் நிரப்பிவிடுவார்கள்.

இரண்டாவது, ஒளியும் நிழலும் என்று செப்பலினின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ஒரே ஆல்பத்தில் இடியும் இருக்கும், மாண்டலினும் இருக்கும். ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் வாசித்துக்கொண்டே ஆர்கன், மெல்லோட்ரான் என்று எதையும் கையிலெடுப்பார். மூன்றாவது, தாளக் கணக்கு. "காஷ்மீர்" பாட்டில் ட்ரம்ஸ் நான்கு எண்ணிக்கையில் நடக்க, கிட்டார் மூன்று எண்ணிக்கையில் சுற்றிவந்து பன்னிரண்டில் இரண்டும் கைகோர்க்கும். மிருதங்கக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சந்திப்பு சட்டென்று பிடிபடும்.

"காப்பி" என்ற குற்றச்சாட்டை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்தால் முதலில் கூண்டில் ஏற வேண்டியவர்கள் லெட் செப்பலின்தான். "ஹோல் லாட்டா லவ்" பாட்டின் வரிகள், வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டிலிருந்து வந்தவை. டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமானது, பிறகு அவர் பெயரும் பாட்டில் சேர்ந்தது. மேலே சொன்ன "லெவி" பாட்டே 1929இல் கேன்சஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிப் பாடியது. "ஸ்டேர்வே டு ஹெவன்" தொடக்கம் ஸ்பிரிட் என்ற பேண்டிடமிருந்து எடுத்தது என்று தொடுத்த வழக்கில் மட்டும் 2016இல் ஜூரி செப்பலின் பக்கம் தீர்ப்பளித்தது, 2020இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. செப்பலினின் முதல் ஆல்பத்தில் விராம் ஜசானி தபேலா வாசித்திருக்கிறார். 1972இல் பிளாண்டும் பேஜும் பம்பாய்க்கு வந்து, உள்ளூர் இசைக் கலைஞர்களோடு தங்கள் இரண்டு பாட்டுகளை மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள். நாலாபக்கமிருந்தும் எடுத்தவர்கள் அவர்கள். அதனால் ஒருவர் எடுத்தாரா என்று கேட்பதைவிட, எடுத்ததை வைத்து என்ன செய்தார் என்று கேட்பதே நியாயம்.

இந்த அளவுகோலில் மோசமாகத் தோற்பவர்கள் கிங்டம் கம். ஹாம்பர்க்கிலிருந்து அமெரிக்கா போன லென்னி வுல்ஃப் என்ற பாடகர் அமைத்த பேண்ட். 1988இல் முதல் ஆல்பம் வந்தது, தயாரித்தவர் பாப் ராக் (Bob Rock) என்பவர். "கெட் இட் ஆன்" வானொலியில் ஒலித்தபோது லெட் செப்பலின் மறுபடி சேர்ந்துவிட்டதோ என்று நேயர்கள் விசாரித்தார்கள். ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் பன்னிரண்டாம் இடம்வரை ஏறியது. அதே வேகத்தில் கேலியும் ஏறியது. "கிங்டம் க்ளோன்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கிட்டார் கலைஞர் கேரி மூர் இந்த மாதிரிப் பேண்டுகளைச் சாடி 1989இல் ஒரு பாட்டே போட்டார், அதில் ஆஸி ஆஸ்பர்ன் பாடியிருக்கிறார். ஈயடிச்சான் காப்பி என்பது இவர்கள் விஷயத்தில் அநியாயமான வார்த்தை இல்லை. "வாட் லவ் கேன் பி" பாட்டை, செப்பலினின் "சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ" கேட்ட கையோடு கேட்டால் சங்கடமாக இருக்கும். குரலின் நடுக்கம், கிட்டார் அழும் இடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் எண்பதுகளின் பளபளப்பான எதிரொலி ஏற்றிய ட்ரம்ஸ் எல்லா மூலையையும் அடைத்துக்கொள்கிறது. வெறுமனே அந்தக் குரலுக்கு ஏங்குபவர்கள் ஒருமுறை கேட்கலாம். இரண்டாம் முறைக்கு அழைக்கும் எதுவும் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒயிட்ஸ்னேக் என்ற பிரிட்டிஷ் பேண்டிடம் ஒரே பாட்டுக்குப் போனால் போதும். 1987இன் "ஸ்டில் ஆஃப் த நைட்". ஜான் சைக்ஸின் கிட்டாரும் டேவிட் கவர்டேலின் அலறலும் நடுவில் வரும் அந்த நீண்ட அமைதியும் சேர்ந்து, செப்பலினின் ஆரம்பகால நாடகத்தை உண்மையான வெறியோடு திருப்பிக் கொடுக்கின்றன. வீடியோவில் ஏட்ரியன் வாண்டன்பர்க், பேஜ் செய்ததைப் போலவே வயலின் வில்லால் கிட்டாரை இழுக்கிறார். பிளாண்டுக்கு இது பிடிக்கவில்லை, கவர்டேலைப் பற்றி வெளிப்படையாகவே கசந்து பேசினார். ஆனால் ஜிம்மி பேஜ் அதே கவர்டேலோடு சேர்ந்து 1993இல் முழு ஆல்பம் போட்டார். அந்த ஆல்பத்தை நான் பரிந்துரைப்பேன். மூலவரே வந்து கிட்டார் வாசிக்கும்போது சாயல் என்ற பேச்சே அடிபட்டுப்போகிறது.

இனி கிரேட்டா வான் ஃப்ளீட். மிச்சிகன் மாநிலத்தில் ஜெர்மானியர்கள் குடியேறி உருவாக்கிய ஃப்ராங்கன்முத் என்ற சின்ன ஊர். ஜாஷ், ஜேக் என்ற இரட்டையர், அவர்கள் தம்பி சாம், நண்பர் டேனி வாக்னர். 2017இல் "ஹைவே ட்யூன்" வெளிவந்தபோது அவர்களில் மூத்தவருக்கே இருபதுதான். ஜாஷின் குரல் அன்று கேட்டவர்களை நிஜமாகவே திடுக்கிட வைத்தது. மறு வருடம் ராபர்ட் பிளாண்டே ஒரு பேட்டியில், இவர்கள் லெட் செப்பலினின் முதல் ஆல்பம்தான் என்றார். பாடகரின் குரலை மெச்சவும் செய்தார். அதே 2018இல் வந்த முழுநீள ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்கு 1.6 கொடுத்துக் கிழித்துத் தொங்கவிட்டது. நான்கே மாதத்துக்குள், 2019 பிப்ரவரியில், அதற்கு முந்தைய "ஃப்ரம் த ஃபயர்ஸ்" தொகுப்புக்குச் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

இரு தரப்பும் அவர்களை அவசரமாக எடைபோட்டுவிட்டது என்பது என் எண்ணம். "ஃப்ரம் த ஃபயர்ஸ்" தொகுப்பில் அவர்கள் மறுபடி பாடிய இரண்டு பழைய பாட்டுகளைக் கவனியுங்கள். ஒன்று சாம் குக்கின் "எ சேஞ்ச் இஸ் கான்னா கம்". மற்றது ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் "மீட் ஆன் த லெட்ஜ்". அந்தப் பேண்டில் பாடிய சாண்டி டென்னிதான் பின்னாளில் "த பேட்டில் ஆஃப் எவர்மோர்" பாட்டில் பிளாண்டோடு சேர்ந்து பாடியவர். செப்பலின் எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்ததோ அங்கேயே இந்தப் பையன்களும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். நகலெடுக்க மட்டுமே வந்தவர்கள் இந்தச் சிரமமெல்லாம் எடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் மூன்றாமிடம்? ட்ரம்ஸுக்கு மேல் குரல் எப்போதும் உச்சியிலேயே நிற்பதுதான் காரணம். பிளாண்ட் ஒரு பாட்டில் முணுமுணுப்பார், கெஞ்சுவார், பிறகுதான் ஏறுவார். ஜாஷ் ஆரம்ப ஆல்பங்களில் முதல் வரியிலேயே மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். நிழல் இல்லாத ஒளி சீக்கிரம் களைப்பூட்டும். 2021இல் கிரெக் கர்ஸ்டின் தயாரித்த "த பேட்டில் அட் கார்டன்ஸ் கேட்" இதில் பெரிய முன்னேற்றம். அதன் கடைசிப் பாட்டான "த வெயிட் ஆஃப் ட்ரீம்ஸ்" ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஜேக்கின் கிட்டார் நிதானமாகத் தொடங்கி, அவசரமில்லாமல் வளர்ந்து, முடியும்போது அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிடுகிறது. கிரேட்டாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் "ஹைவே ட்யூன்" பக்கம் போகாமல் இங்கிருந்து தொடங்குவது நல்லது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ராக் அறிமுகப்படுத்த நினைப்பவர்களுக்கும் இவர்களே பொருத்தம். தங்கள் வயதிலேயே வாசிக்கத் தொடங்கியவர்கள் இவர்கள் என்று தெரியும்போது கிட்டார் கற்றுக்கொள்ளும் ஆசை வரும்.

ஆஸ்திரேலியாவின் உல்ஃப்மதரைப் பலர் இந்த வரிசையில் வைக்கிறார்கள். 2006இல் பிரிட்டனில் லெட் செப்பலினுக்கு மரியாதை செய்த விழாவில் "கம்யூனிகேஷன் பிரேக்டவுன்" வாசித்தவர்கள் இவர்கள்தான். "வுமன்" பாட்டுக்கு 2007இல் கிராமியும் வாங்கினார்கள். ஆனால் ஆண்ட்ரூ ஸ்டாக்டேலின் கிட்டாரில் பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் பங்கே அதிகம். முதல் ஆல்பம் துள்ளலான, சந்தோஷமான ஆல்பம், வண்டி ஓட்டும்போது கேட்க ஏற்றது. அதை வாசித்த மூவரில் இருவர் 2008இல் விலகிவிட்டார்கள். செப்பலின் தேடி இங்கே வருபவர்களுக்கு அரை வயிறுதான் நிரம்பும்.

ஹார்ட் கதை வேறு. ஆன் வில்சன், நான்சி வில்சன் என்ற சகோதரிகள், சியாட்டில்காரர்கள். வான்கூவரில் தங்கி வாசித்துக்கொண்டிருந்த காலத்திலேயே "குட்டி லெட் செப்பலின்" என்று அழைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் செப்பலினின் இடியை எடுத்துக்கொண்டபோது, இவர்கள் மூன்றாவது, நான்காவது ஆல்பங்களின் அக்கூஸ்டிக் பக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். "க்ரேஸி ஆன் யூ" தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். நான்சி தனியாக அக்கூஸ்டிக் கிட்டாரில் வேகமாக ஒரு சுற்று வாசித்து முடிக்கிறார், அதன்பிறகுதான் மின்சாரக் கிட்டார் உள்ளே வருகிறது. 1977இன் "லிட்டில் குவீன்" ஆல்பத்தில் "பாராக்குடா" மாதிரி பாய்ந்து வரும் பாட்டும் உண்டு, "ட்ரீம் ஆஃப் தி ஆர்ச்சர்" மாதிரி மாண்டலின் பாட்டும் உண்டு. பேஜ் சொன்ன ஒளியும் நிழலும் இவர்களிடம் இயல்பாகவே இருந்தது. பெண் குரல் என்பதால் பிளாண்டோடு ஒப்பிடும் தொல்லையும் இல்லாமல்போனது. ஆன் பாடுவது ஆன் பாடுவதாகவே ஒலித்தது.

இவர்கள் செலுத்திய கடன் எல்லோருக்கும் தெரியும். 2012 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி சென்டர் விருது விழா. பேஜ், பிளாண்ட், ஜோன்ஸ் மூவரும் மாடத்தில் உட்கார்ந்திருக்க, வில்சன் சகோதரிகள் மேடையில் "ஸ்டேர்வே டு ஹெவன்" பாடினார்கள். ட்ரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். கடைசியில் பின்னால் எழுந்த பாடகர் கூட்டம், பான்ஹம் அணிந்து பிரபலமான அந்த வட்டத் தொப்பியைத் தலையில் வைத்திருந்தது. பிளாண்டின் கண்கள் கலங்கியதை உலகமே பார்த்தது. அதே மாலையில் சிகாகோ ப்ளூஸ் மேதை பட்டி கைக்கும் அந்த விருது கிடைத்தது. வேரும் கிளையும் ஒரே இரவில் கௌரவிக்கப்பட்டதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

செப்பலின் பாட்டுகளையே மேடையில் வாசிக்கும் அஞ்சலிப் பேண்டுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டிக்கெட் வாங்கும் முடிவு அங்கேதான் வருகிறது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கும். ஜேசன் பான்ஹம் 2010 முதல் அப்பாவின் பாட்டுகளை மேடையேற்றி வருகிறார். 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் மற்ற மூவரோடு உட்கார்ந்து வாசித்தவரும் அவரே. நியூயார்க்கின் லெஸ் செப்பலின் முழுக்கப் பெண்கள் பேண்ட். அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் செப்பலினுக்கே ஒலிப்பதிவு செய்த எடி க்ரேமர். ஜப்பானில் அகியோ சகுராய் என்ற கிட்டார்காரர் இதையெல்லாம் தாண்டிப் போனவர். ஆல்பத்தில் உள்ளபடி வாசிப்பது அவருக்குப் போதாது. எழுபதுகளில் ஒரு குறிப்பிட்ட இரவில், ஒரு குறிப்பிட்ட ஊரில் பேஜ் எப்படி வாசித்தாரோ அதே சோலோவை, அதே உடையோடு திருப்பிக் கொண்டுவருவார். டோக்கியோவில் பேஜே வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். மேடையில் பாட்டுகளைக் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் சாயல் பேண்டுகளை விட்டுவிட்டு இவர்களிடம் போவதே நேர்மையான வழி. ஜேசன் உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அந்தக் கையில் ஓடும் நடை வேறு யாருக்கும் வராது.

ஆனால் புதிய பாட்டு வேண்டும், பழைய சத்தியத்தோடு வேண்டும் என்றால் ரைவல் சன்ஸ்தான். 2009இல் லாங் பீச்சில் உருவான பேண்ட். பாடகர் ஜே புக்கானன் அதற்கு முன் தனியாகப் பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருந்தவர், அந்தப் பழக்கம் குரலில் தெரிகிறது. ஒரு வரியைப் பேசுவதுபோல ஆரம்பித்து, தேவைப்படும்போதுதான் கூரையைத் தொடுவார். 2011இன் "ப்ரெஷர் அண்ட் டைம்" ஆல்பத்தில் கடன் வெளிப்படையாகவே இருக்கிறது. அட்டைப்படத்தை வடிவமைத்தவர்கூட ஸ்டார்ம் தோர்கர்சன், செப்பலினின் "ஹவுசஸ் ஆஃப் த ஹோலி" ஆல்பத்தின் அட்டையை உருவாக்கிய ஹிப்னாசிஸ் குழுவை நிறுவியவர்களில் ஒருவர். 2014இன் "கிரேட் வெஸ்டர்ன் வால்கிரி" ஆல்பத்தில் "ஓபன் மை ஐஸ்" தொடங்கும்போது ட்ரம்ஸ் நடையில் "லெவி" எட்டிப் பார்க்கும். மைக் மைலி அங்கே வேகத்துக்கு ஆசைப்படவில்லை. அடிகளுக்கு நடுவே காற்று ஓடுகிறது. ஸ்காட் ஹாலிடேயின் கரகரப்பான கிட்டார் அந்தக் காற்றில் வந்து நின்று, வேலை முடிந்ததும் விலகிவிடுகிறது.

2016, 2017இல் பிளாக் சாபத்தின் கடைசிச் சுற்றுப்பயணம் முழுவதும் முதலில் மேடையேறும் தொடக்கப் பேண்டாக வாசித்தவர்கள் இவர்கள். 2019இன் "ஃபெரல் ரூட்ஸ்" இரண்டு கிராமிப் பரிந்துரைகளைப் பெற்றது. அது அட்லாண்டிக் நிறுவனத்தின் கீழ் வந்த ஆல்பம், செப்பலினை 1968இல் ஒப்பந்தம் செய்த அதே நிறுவனம். அதன் தலைப்புப் பாட்டு அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கி மெல்ல விரியும். "ஷூட்டிங் ஸ்டார்ஸ்" தேவாலயப் பாடகர் குழுவின் குரலோடு ஆல்பத்தை முடிக்கும். செப்பலின் ஒருபோதும் அப்படி ஒரு பாட்டைச் செய்ததில்லை. ஆனால் அவர்கள் ப்ளூஸுக்குள் இறங்கியதைப் போலவே இவர்கள் காஸ்பலுக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

இன்னும் கிரேட்டாவா, ரைவல் சன்ஸா என்று ஊசலாடுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கிரேட்டாவின் 2023 ஆல்பமான "ஸ்டார்கேட்சர்", ரைவல் சன்ஸின் "ஃபெரல் ரூட்ஸ்" இரண்டையும் தயாரித்தவர் ஒருவரே, டேவ் காப். தயாரிப்பாளர் ஒருவரே என்பதால் வித்தியாசத்துக்குப் பேண்டுகள்தான் பொறுப்பு. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் தடவை குரலைக் கவனிக்காமல் ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். எந்த ஆல்பத்தில் ட்ரம்மர் நிறுத்தும் இடத்தில் உங்கள் உடம்பும் சேர்ந்து நிற்கிறதோ அதை வாங்குங்கள்.